குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்

நேற்று ராத்திரி ஆபீஸ் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளையும் பழுப்புமாக ஒரு நாய்க்குட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன். "ஷிட்சு, பாம் கிராஸாம். நாளைக்கே கொண்டுவந்து தர்றாங்களாம். எடுத்துடட்டுமா?" என்று கேட்டிருந்தாள். ஷிட்சு, பாம் என்கிற பொமரேனியன், இரண்டும் நாய் ரகங்கள். கிராஸ் என்றால் அவற்றின் கலப்பு. "அதோட அம்மாவைப் பார்த்தியா?" என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். அம்மா வேறு ஊரில் இருக்கிறதாம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் வாங்கினேன். போனில் படம் பார்த்தேன், முன்பணம் அனுப்பினேன், பைபாஸ் ஓரமாக ஒரு டீக்கடை வாசலில் போய் நின்றேன். பைக்கில் வந்த பையன் பழக்கூடைக்குள்ளிருந்து குட்டியை எடுத்துக் கொடுத்தான். 45 நாள் என்றான். வயிறு பந்து மாதிரி இருந்தது. நன்றாகப் பால் குடித்து வளர்ந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அத்தனையும் குடற்புழு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. என் மகள் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

நான்காம் நாள் பஞ்சு சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் காலை வாந்தி, அப்புறம் ரத்தத்தோடு பேதி. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ட்ரிப்ஸ் ஏற்ற முன்னங்காலில் நரம்பு தேடினார்கள். அந்தக் கால் என் சுண்டுவிரல் தடிமன்தான் இருந்தது. ஏழாம் நாள் விடியற்காலை என் மடியிலேயே போய்விட்டது. பார்வோ, குட்டி நாய்களின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்.

இந்தக் கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும் என்றார் டாக்டர். பிறந்த இடத்திலோ, அந்தக் கூடையிலோதான் தொற்றியிருக்க வேண்டும். விற்றவர் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தை டாக்டரிடம் காட்டினேன். தேதி இருந்தது, ஒரு டிக் இருந்தது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை. டாக்டர் கையெழுத்தும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. விற்றவருக்குப் போன் செய்தால் எடுக்கவே இல்லை. வீட்டை ஃபினாயில் போட்டுத் துடைத்தால் போதும் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் பார்வோ சாகாது, ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும், அப்படியும் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும் என்றார்கள். ஒரு வருடம் காத்திருந்தோம். மகள் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் போட விடவில்லை.

அந்த ஒரு வருடத்தில் நிறையத் தெரிந்துகொண்டேன். முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுத்தமான ரக நாய் என்றால் கேசிஐ சான்றிதழ், அதாவது நம் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு, என்று ஒன்றாவது கேட்கலாம். கிராஸ் குட்டிக்கு அந்தப் பதிவே கிடையாது. கிராஸ் குட்டியை விற்றுக்கொண்டே "கேசிஐ பேப்பர் இருக்கு" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பேப்பர் இல்லாத குட்டிக்கு அதன் தாய்தான் பேப்பர். தாயைப் பார்த்துப் பெண் எடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மனிதர்கள் விஷயத்தில் அது எவ்வளவு சரியோ தெரியாது, நாய்க்குட்டி விஷயத்தில் அப்படியே உண்மை.

தாயை எங்கே பார்ப்பது? அது படுத்துத் தூங்கும் இடத்தில். கேட் பக்கத்திலோ, காரிலோ, வீடியோ காலிலோ இல்லை. உள்ளே கூப்பிட மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம். தாய் தன் குட்டிகளோடு இருக்கிறதா, மடியில் பால் கொடுத்த அடையாளம் தெரிகிறதா, ஆள் வந்தால் ஒடுங்கிக்கொள்கிறதா, வந்து மோந்து பார்க்கிறதா என்று பாருங்கள். குட்டி போட்ட பிறகு தாய்க்கு முடி கொட்டுவது சகஜம், அதை வைத்து மட்டும் தப்பாக நினைக்காதீர்கள். தகப்பன் நாய் அந்த வீட்டில் இல்லாமல் இருக்கலாம், அதுவும் சகஜம்தான். ஆனால் யாருடையது, எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்னத் தாய்க்குப் பெரிய ஆண் நாயைச் சேர்த்தால் பிரசவத்தில் சிக்கி, ஆபரேஷனில் போய் முடியலாம். இதைக் கேட்டதும் முழிக்கிறவர் தன் நாயைப் பற்றி யோசித்தவர் இல்லை.

சட்டமும் இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியாது. நாய் வளர்ப்பு மற்றும் விற்பனைக்கு மத்திய அரசு 2017ல் விதிகள் கொண்டுவந்தது. விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. 12 மாதத்தில் ஒரு பிரசவத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் 5க்கு மேல் கூடாது. பெண் நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு தடவையும் சினையாக்கினால் அந்த உடம்பு என்ன ஆகும் என்று பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் சொல்லத் தேவையில்லை. ஆக, எனக்கு விற்ற 45 நாள் குட்டி சட்டப்படியே விற்கக் கூடாத குட்டி. அந்த 8 வாரக் கணக்கு சும்மா வைத்ததும் இல்லை. கூடப் பிறந்ததுகளோடு உருண்டு விளையாடித்தான் எவ்வளவு கடிக்கலாம், எப்போது விடணும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரத்தில் பெரும்பாலும் 28 பால் பல்லும் வந்திருக்கும். குட்டி ரகங்களில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான்.

"கிராஸ்னா நோயே வராதுங்க" என்று எல்லா விற்பனையாளரும் சொல்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே குறை இருந்தால் கிராஸ் குட்டிக்கு மட்டும் அது எப்படிப் போகும்? பொமரேனியன், பூடில், சிவாவா எல்லாவற்றுக்குமே முழங்கால் சில்லு விலகுகிற தொந்தரவு உண்டு. ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டும், அப்புறம் சரியாகிவிடும். தாயைக் கொஞ்சம் நடக்கவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பையான ரகங்கள் இரண்டைச் சேர்த்தால் குட்டிக்கும் சப்பை மூக்குதான், சென்னை மே மாதத்தில் அது மூச்சுக்குத் தவிக்கும். லாப்ரடூடில் என்ற கலப்பை உலகத்துக்குப் பரப்பியவர் ஆஸ்திரேலியாவின் வாலி கான்ரன். கணவருக்கு நாய் அலர்ஜி இருந்த, பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும் என்றுதான் அதைச் செய்தார். பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். யார் யாரோ எதையும் சோதிக்காமல் காசுக்காக இணை சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதுதான் அவர் வருத்தம்.

டீக்கப்புக்குள் அடங்குகிற அளவு என்று சொல்லி விற்கிறார்களே, அந்த டீக்கப் என்று ஒரு ரகமே இல்லை. அந்தப் பேரில் வருவது பெரும்பாலும் வயது குறைந்த குட்டி, இல்லையென்றால் வளர்ச்சி குறைந்த குட்டி. அவ்வளவு சின்ன உடம்பு ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே சர்க்கரை இறங்கி நடுங்கி விழுந்துவிடும். பாம் என்ற வார்த்தையையும் நம்பி அளவைக் கணக்குப் போடாதீர்கள். நம் தெருவில் பொமரேனியன் என்று கூப்பிடுகிற வெள்ளை நாய்கள் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் 3 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். ஸ்பிட்ஸ் அதைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் வளரும்.

போன வருடம் தாம்பரம் பக்கம் ஒரு அக்கா வீட்டுக்குப் போனோம். ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. நான் கேள்வி கேட்கப் போனேன், அவர்தான் என்னைக் கேட்டார். "பகல்ல வீட்ல யாரும்மா இருப்பா? அசோசியேஷன்ல ஒத்துக்குவாங்களா? லீவுக்கு ஊருக்குப் போனா இவனை எங்க விடுவீங்க?" பஞ்சுவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் உள்ளே போய்த் தாயைக் கூட்டி வந்தார். வெள்ளை ஸ்பிட்ஸ், காது நுனியில் மட்டும் மஞ்சள். என் கையை மோந்துவிட்டு, திரும்பிப் போய்க் குட்டிகளுக்கும் எனக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துப் படுத்ததைப் பார்த்ததும் எனக்கு இந்த வீடு போதும் என்று தோன்றிவிட்டது.

அன்றைக்குக் குட்டியைத் தரவில்லை. இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார். முன்பணமும் வாங்கவில்லை. 60 நாள் முடிந்து போனபோது, தாயோடு படுத்த பழைய துண்டு ஒன்றும், அது சாப்பிட்டுப் பழகிய உணவு நாலு நாளைக்கும் கட்டிக் கொடுத்தார். ஊசிப் புத்தகத்தில் ஸ்டிக்கர், கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருந்தது. "வச்சுக்க முடியலன்னா வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, எங்கிட்டயே கொண்டாங்க" என்று சொன்னதோடு நிற்காமல், அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கோலி என்று பெயர் வைத்தோம். பஞ்சுவின் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறான். போன மாதம் அக்கா போன் செய்தார். தாய்க்கு இரண்டு பிரசவம் போதும் என்று கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டாராம், தையல் பிரித்தாயிற்றாம்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. வேளச்சேரியில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பில் தத்துக் கொடுக்கிறார்கள், தெருவில் பிறந்த குட்டி நம் வெயிலுக்குப் பழகியது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்றுதான் தோழியிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த ரிப்பன் குட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.

சென்னையில் வேறு யாராவது குட்டி பார்க்கப் போவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் கூட வருகிறேன்.