கடைசியா வர்றவருக்கு மட்டும் ஏன் ரெஸ்ட் இல்ல?

மலைக்குக் குரூப்பா போயிருக்கிற எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரிஞ்சிருக்கும். முன்னாடி போன நாலஞ்சு பேரு ஒரு பாறையில பையக் கழட்டி வச்சுட்டு, கடலை மிட்டாய் தின்னு, தண்ணி குடிச்சு, போட்டோ எடுத்து, வேர்வை காயுற வரைக்கும் உக்காந்திருப்பாங்க. இருபது நிமிசம் கழிச்சு கடைசி ஆளு மூச்சு வாங்கிக்கிட்டே வருவாரு. அவரு தலை தெரிஞ்ச உடனே "வந்துட்டாருப்பா, கெளம்பலாம்"னு அத்தனை பேரும் எந்திரிச்சிருவாங்க. முன்னாடி போனவங்களுக்கு இருபது நிமிச ரெஸ்ட், நெசமாவே ரெஸ்ட் வேணுங்கிற ஆளுக்கு ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட நேரம் இல்ல. இது ஒரு நாள்ல ஏழெட்டு தடவ நடக்கும். சாயங்காலம் கீழ வந்து டீக்கடையில நின்னு "அவருக்கு ஸ்டாமினா பத்தல"ன்னு பேசிக்குவோம். நாள் முழுக்க அந்த மனுசன நாமதான் உக்கார விடலங்கிறது ஒருத்தருக்கும் தோணாது. எனக்கும் ரொம்ப வருசம் தோணல.

நான் மதுரைக்காரன், ஓட ஆரம்பிச்சு ஒம்பது வருசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை அதிகாலையில அழகர்கோயில் ரோட்டுல லாங் ரன், மாசத்துக்கு ஒரு தடவ சிறுமலையில அந்த 18 கொண்டை ஊசி வளைவுல ஹில் ரன், வருசத்துக்கு ரெண்டு மூணு மலைன்னு எங்க குரூப்பு ஓடிக்கிட்டு இருக்கு. ரோட்டுல ஓடும்போது அவங்கவங்க வேகத்துல போறதுல எந்தத் தப்பும் இல்ல, முடியலன்னா கைய நீட்டுனா பஸ்ஸு நிக்கும், ரோட்டோரத்துல எளநிக்கடை இருக்கும், ஃபோன் எடுக்கும். அதே பழக்கத்த அப்படியே மலைக்குத் தூக்கிட்டுப் போனதுதான் நாங்க செஞ்ச தப்பு.

மூணு வருசம் முன்னாடி டிசம்பர்ல வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் பாறை, வெள்ளகவி கிராமம் வழியா கும்பக்கரைக்கு எறங்குனோம். போனவங்களுக்குத் தெரியும், அது சும்மா எறக்கம் இல்ல, கொடைக்கானல் குளிர்ல ஆரம்பிச்சு பெரியகுளம் வெக்கையில வந்து முடியும், ஆயிரத்து ஐநூறு மீட்டருக்கு மேல கால் எறங்கிக்கிட்டே இருக்கும். வெள்ளகவியில ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்க, ஊரே அவங்களுக்குக் கோயில் மாதிரி, நாங்களும் ஷூவக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தோம். காலங்காலமா வண்டி வராத ஊரு. அரிசி பருப்பெல்லாம் குதிரையிலயும் தலைச்சுமையாவும்தான் வந்திருக்கு, ஒடம்பு முடியாதவங்கள டோலி கட்டித் தோள்ல தூக்கிட்டுத்தான் எறங்கியிருக்காங்க.

நாங்க பதினோரு பேரு. வழிகாட்டி ஒருத்தரு. எங்ககூட ஒரு அண்ணன், வயசு 58, ரோட்டுல ஹாஃப் மாரத்தான் நிதானமா ரெண்டே முக்கால் மணி நேரத்துல முடிப்பாரு, ஒருநாளும் பாதியில நின்னது கெடையாது. ஆனா எறக்கம் வேற. ஏத்தத்துல மூச்சு வாங்கும், கொஞ்சம் நின்னா சரியாயிரும். எறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் தொடைச்சதை நீண்டுக்கிட்டே ஒடம்பு எடையத் தாங்கணும், அது உள்ளுக்குள்ள பிஞ்சு போச்சுன்னா நின்னாலும் சரியாகாது, முட்டி கட்டுப்பாட்டுல இருக்காது. வெள்ளகவிக்கு வர்றதுக்குள்ளயே அவருக்குக் காலு நடுங்க ஆரம்பிச்சிருச்சு. நான் போயி "பையக் குடுங்கண்ணே, நான் வச்சுக்கிறேன், நீங்க கையை வீசிக்கிட்டு ஃப்ரீயா எறங்குங்க"ன்னு வாங்கி மாட்டிக்கிட்டேன். நல்லது செய்றதா நெனச்சுத்தான் செஞ்சேன். அப்புறம் பேச்சு சுவாரசியத்துல முன்னாடி போற செட்டோட சேந்து எறங்கிட்டேன்.

மத்தியானம் மூணு மணிக்குக் கீழ ஒரு ஓடைகிட்ட உக்காந்து எண்ணிப் பாக்குறோம், பத்துப் பேருதான் இருக்கோம். நான் நடுவுல இருக்கவங்ககூட வர்றாருன்னு நெனச்சேன், நடுவுல வந்தவங்க அவரு முன்னாடி போயிட்டாருன்னு நெனச்சிருக்காங்க. ஃபோன்ல சிக்னல் இல்ல. வழிகாட்டி ஒரு வார்த்தை பேசாம துண்டத் தலையில கட்டிக்கிட்டு வந்த வழியே மேல ஓடுனாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, அவரோட தண்ணி, டார்ச், குளுக்கோஸ், விசில் எல்லாமே என் முதுகுல இருந்துச்சு.

ஒன்றரை மணி நேரம். காப்பித் தோட்டத்துக்குள்ள பிரியுற ஒரு வழியில தப்பா எறங்கி, பாதை முடிஞ்ச எடத்துல ஒரு மரத்தடியில உக்காந்திருந்தாரு. நாக்கு ஒட்டிப்போயி பேச்சு வரல. கொஞ்ச தூரத்துல காட்டுமாடு ரெண்டு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சாம், அதனால சத்தம் போடவும் பயம். வழிகாட்டி தோள்ல கை போட்டு எறங்கி வந்தவரு எங்களப் பாத்ததும் சொன்ன மொத வார்த்தை, "சாரி தம்பி, என்னால எல்லாருக்கும் லேட்டு."

அந்த வார்த்தைய என்னால இன்னைக்கு வரைக்கும் தாங்க முடியல. நாங்க விட்டுட்டு வந்த ஆளு எங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறாரு. நடக்க முடியாதவங்கள ஒரு ஊரே தோள்ல சுமந்து எறங்குன பாதை அது, அதுல நடந்து வந்த ஒரு மனுசனுக்காக நின்னு திரும்பிப் பாக்கக்கூட எங்களுக்குத் தோணல.

அதுக்கப்புறம் எங்க குரூப்புல நெறைய மாத்திட்டோம். இருக்கிறதுலயே நல்லா மலை தெரிஞ்ச ஆளு இப்ப கடைசியில வருவாரு, முன்னாடி இல்ல. அவரத் தாண்டி யாரும் பின்னாடி இருக்கக்கூடாது. ரெஸ்ட்டுங்கிறது கடைசி ஆளு வந்து உக்காந்த நிமிசத்துல இருந்துதான் ஆரம்பிக்கும், பத்து நிமிசம், கெளம்பும்போது அவரையே முன்னாடி விட்ருவோம். பாதை பிரியுற எடம் எதுவா இருந்தாலும் பின்னாடி வர்ற ஆளு கண்ணுல படுற வரைக்கும் அங்கயே நிக்கணும், அவரு வந்ததும் அவரு அடுத்த ஆளுக்கு நிப்பாரு. அடுத்தவங்க சுமைய வாங்குறதுன்னா அவங்ககூடவே நடக்கணும், தண்ணியும் டார்ச்சும் விசிலும் எந்தக் காரணத்துக்காகவும் பைக்கு உரியவரு ஒடம்ப விட்டுப் போகக்கூடாது. ஆரம்பத்துல ரெண்டு பேருக்கு இது பிடிக்காம குரூப்ப விட்டுப் போயிட்டாங்க, போகட்டும்னு விட்டுட்டோம்.

நேரம் கணக்குப் போடுறதும் கத்துக்கிட்டோம். நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892லயே ஒரு கணக்கு சொல்லிட்டுப் போயிருக்காரு, மூணு மைலுக்கு ஒரு மணி நேரம், அதுபோக 2000 அடி ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். அது நல்லா நடக்குற ஆளுக்கு, நல்ல பாதையில, நிக்காம போறதுக்கான கணக்கு. நம்ம ஊரு சோலைக்காட்டுல வேரும் வழுக்குப் பாறையும் அட்டையுமா இருக்கிற பாதைக்கு அது பத்தாது, நாங்க அதுமேல பாதி சேத்துக்கிறோம், அதையும் குரூப்புல மெதுவா நடக்குற ஆள மனசுல வச்சுத்தான் போடுறோம். மத்தியானம் ரெண்டு மணிக்கு உச்சி வரலன்னா எங்க இருக்கோமோ அங்கேயே திரும்பிருவோம். உச்சி அம்பது மீட்டர்ல கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சாலும் சரி.

"நான் ட்ரெயினிங்குக்கு வர்றேன், என் பேஸ் (ஓடுற வேகம்) கெட்டுப் போகுது"ன்னு சொல்றவங்க இருக்காங்க. நியாயமான ஆசைதான், நானும் நேரத்துக்கு ஓடுறவன்தான். ஆனா அதுக்கு ரேஸ் இருக்கு. குரூப்பா போவோம்னு கூட்டிட்டு வந்துட்டு பாதியில அத ரேஸா மாத்துறது கூட வந்தவங்களுக்குச் செய்ற துரோகம்னுதான் நான் சொல்லுவேன். அதுவும் போக, ரேஸ்லயே நல்ல மரபு எதுன்னு பாருங்க. கலிஃபோர்னியாவுல வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்னு 100 மைல் ட்ரெயில் ரேஸ், அதாவது மலைப்பாதையில ஓடுற ரேஸ், 30 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். 2015ல கன்ஹில்ட் ஸ்வான்சன்னு ஒரு அம்மா, வயசு 70, கடைசி மைல்ல நேரம் போதுமான்னு தெரியாம வந்துக்கிட்டு இருந்தாங்க. அந்த வருசம் ரேஸ ஜெயிச்ச ராப் க்ரார், பதினஞ்சு மணி நேரத்துக்குள்ளயே முடிச்சுட்டுப் போன மனுசன், கால்ல சாதாரண செருப்போட அந்த அம்மாகூட ஓடி வந்தாரு. 29 மணி 59 நிமிசம் 54 செகண்ட்ல அவங்க முடிச்சாங்க, ஆறு செகண்ட் மிச்சம். மொதல்ல வந்தவரு கடைசியா வர்றவங்களுக்காகத் திரும்பிப் போயிருக்காரு. அந்த வீடியோவப் பாக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கும்.

இங்க ஒரு ட்ரெயில் ரேஸ்ல நானே பாத்தேன், கட்-ஆஃபுக்கு, அதாவது முடிக்கக் குடுத்த கெடுவுக்கு, இன்னும் நேரம் இருக்கும்போதே பாதைக்குக் கட்டியிருந்த ரிப்பன கழட்டிக்கிட்டே வந்துட்டாங்க, பின்னாடி மூணு பேரு ஓடிக்கிட்டு இருந்தாங்க. காசு அவங்களும் ஒரே காசுதான் கட்டியிருந்தாங்க. யாரு நடத்துனதுன்னு இங்க சொல்லல, நேர்ல அவங்ககிட்டயே சொல்லிட்டேன்.

வேகமா போறவங்களுக்கு ஒன்னும் ஆகாதுன்னும் நெனைக்காதீங்க. 2021 மே 22, சீனாவுல கான்சு மாகாணத்துல 100 கிலோமீட்டர் மலை ஓட்டம், 172 பேரு ஓடுனாங்க. மேல ஏறும்போது திடீர்னு ஆலங்கட்டி மழை, உறையிற குளிர், காத்து. நெறையப் பேரு டிரவுசரும் டி-ஷர்ட்டும்தான் போட்டிருந்தாங்க, காத்து தாங்குற ஜாக்கெட் கட்டாயம்னு ரூல் இல்ல. 21 பேரு செத்துப்போனாங்க, அதுல லியாங் ஜிங் மாதிரி சீனாவோட டாப் அல்ட்ரா ரன்னரும் (மாரத்தானவிட நீளமான தூரம் ஓடுறவரு) ஒருத்தரு. அன்னைக்கு ஆறு பேரு உயிரக் காப்பாத்துனது ஒரு ஆடு மேய்க்கிறவரு, மழைக்கு ஒதுங்குன குகைக்குள்ள அவங்களக் கூட்டிட்டுப் போயி நெருப்பு மூட்டிக் குளிர் காய வச்சாரு. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா பொழைச்சோம், அவ்வளவுதான் மலையில கணக்கு.

ஹிமாலயா போறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். மூவாயிரம் மீட்டருக்கு மேல போனா, ராத்திரி தூங்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சொல்லுவாங்க, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்னு, உயரத்துனால மூளையில நீர் கோக்க ஆரம்பிச்சா அந்த ஆளுக்கே அது தெரியாது. குடிச்சவங்க மாதிரி தள்ளாடுவாங்க, கோடு போட்டு அதுமேல குதிகாலையும் வெரலையும் ஒட்டி வச்சு நடக்கச் சொன்னா நடக்க வராது, ஆனா கேட்டா "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லுவாங்க. அத இன்னொருத்தர்தான் பாத்துச் சொல்லணும். தனியா பின்னாடி விடப்பட்ட ஆளு தள்ளாடுறத யாரு பாப்பா?

நம்ம தேனிப் பக்கம் மலைன்னு பேச ஆரம்பிச்சா குரங்கணிய நெனைக்காம இருக்க முடியாது. 2018 மார்ச் 11, ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீயில சிக்கி 23 உயிரு போச்சு. காஞ்ச புல்லுச் சரிவுல தீ கீழ இருந்து மேல ஏறுனா மனுசன் ஓடுற வேகம் பத்தாது, ஏன்னா அந்தச் சூடே மேல இருக்கிற புல்ல காயவச்சு வச்சுக்கிட்டே போகும். அதுக்கப்புறம் ட்ரெக்கிங்குக்குன்னு அரசாங்கம் விதிகள் போட்டுச்சு, 2024ல இருந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு வனத்துறையே 40 பாதைகளுக்கு ஆன்லைன்ல புக்கிங் குடுக்குது, கூட வர்ற வழிகாட்டிங்க மலையிலயே பொறந்து வளந்தவங்க. தீ சீசன்ல மூடுனா மூடுனதுதான். "தெரிஞ்ச ஆளு இருக்காரு, பின் வழியா போயிக்கலாம்"னு யாராச்சும் மெசேஜ் போட்டா எங்க குரூப்புல அன்னைக்கே ரிமூவ். இதுல எனக்கு எந்த சமரசமும் இல்ல.

அந்த அண்ணன் ஆறு மாசம் எங்ககூட வரல. வேலை இருக்கு, கல்யாணம் இருக்குன்னு ஏதாச்சும் சொல்லுவாரு. ஒருநாள் நானே வீட்டுக்குப் போயி, பையக் கொண்டு போனது என் தப்பு, விட்டுட்டு வந்தது என் தப்புன்னு அவரு சம்சாரம் முன்னாடியே சொன்னேன். மதினி ஒன்னும் சொல்லல, காப்பி குடுத்தாங்க, கெளம்பும்போது மட்டும் "இனிமே கூட்டிட்டுப் போனீங்கன்னா கூடவே கூட்டிட்டு வாங்க தம்பி"ன்னாங்க.

வர்ற மாசம் ரெண்டாவது ஞாயிறு சிறுமலை, காலையில அஞ்சரைக்கு அடிவாரத்துல கூடுறோம். அண்ணன் வர்றாரு. எறக்கத்துக்குன்னு ரெண்டு குச்சி வாங்கியிருக்காரு, மூணு மாசமா மாடிப்படியில எறங்கிப் பழகிக்கிட்டும் இருக்காரு. அன்னைக்குக் கடைசியில வர்றது நான். வர்றவங்க கமெண்ட்ல பேரு போடுங்க, மொத தடவை வர்றவங்க, மெதுவா நடக்குறவங்க தயங்காம வாங்க. தண்ணி ரெண்டு லிட்டர், டார்ச், விசில் அவங்கவங்க பையில இருக்கணும்.