பீர் புட்டிக்குள் போன தக்காளிச் சாறு

ஆட்டிறைச்சியையும் அவித்த காய்கறியையும் தின்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியாவுக்கு இத்தாலியர்கள் வந்து ருசியைக் கற்றுக்கொடுத்தார்கள், நாடும் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டது என்று இங்கே மேடைதோறும் பேசுகிறார்கள். கேட்பதற்கு இனிமையான இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இத்தாலியச் சமையல் இந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடாக மாறியதற்கு மக்களின் ரசனை திடீரென்று உயர்ந்தது காரணம் அல்ல. ஏற்கெனவே இருந்த ஆஸ்திரேலியப் பழக்கங்களில் விழுந்திருந்த இடைவெளிகளில் அது புகுந்துகொண்டதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

1947இல் இத்தாலியில் பிறந்து இங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 33,000 பேர். 1951இல் இரு அரசுகளும் குடியேற்ற ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 1971இல் ஏறத்தாழ 2,90,000ஐத் தொட்டது. வந்தவர்களை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. பூண்டு வாசனைக்காக அவர்களை ஏளனம் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியைப் பிரிக்கப் பிள்ளைகள் கூசினார்கள். ஆலிவ் எண்ணெய் வேண்டுமென்றால் மருந்துக் கடைக்குப் போய், காதுவலிக்கு விற்கும் சின்னப் புட்டியில்தான் வாங்க வேண்டியிருந்தது.

அப்படியிருக்க, காப்பி எப்படி நுழைந்தது? விக்டோரியா மாநிலத்தில் 1916 முதல் 1966 வரை மதுக்கூடங்கள் மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்தியாக வேண்டும். வேலை முடிந்து வந்தவர்கள் ஆறு மணிக்குள் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு வெளியே வந்தால், அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசுவதற்கு ஊரில் இடமே இல்லை. பெண்களுக்கோ மதுக்கூடத்தின் முன்கூடத்தில் பெரும்பாலும் இடமே கிடையாது. இந்த வெற்றிடத்தில்தான் ஐம்பதுகளின் எஸ்பிரெசோ கடைகள் வந்தன. அந்த மாநிலத் தலைநகரான மெல்போர்னின் பர்க் தெருவில் 1954இல் திறந்த பெல்லெக்ரினி என்ற கடை இன்றும் அதே நீண்ட மேசையோடு நடக்கிறது. மதுவை ஒழிக்க நினைத்தவர்கள் போட்ட சட்டம் ஒரு நகரத்துக்கே காப்பிப் பைத்தியம் பிடிக்க வழி செய்தது என்று நான் சொன்னால், மெல்போர்ன் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக் கொல்லையிலும் இதே கதைதான். கோடை உச்சத்தில், ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ, இத்தாலியக் குடும்பங்கள் ஓராண்டுக்கான தக்காளிச் சாற்றை ஒரே நாளில் செய்து முடிக்கும். பெட்டி பெட்டியாக வாங்கிய ரோமா தக்காளியைக் கழுவி நறுக்கி, தோலையும் விதையையும் தனியே தள்ளும் எந்திரத்தில் அரைத்து, ஒவ்வொரு புட்டியிலும் ஒரு துளசி இன இலையான பேசில் போட்டு நிரப்புவார்கள். அந்தப் புட்டிகள், ஆஸ்திரேலியர்கள் குடித்துவிட்டு வைத்த நீளக் கழுத்து பீர் புட்டிகள். மூடியை அழுத்தி, ஒன்றோடொன்று மோதி உடையாமல் இடையிடையே பழந்துணியைத் திணித்து, இருநூறு லிட்டர் தகரப் பீப்பாயில் அடுக்கி, விறகு மூட்டிக் கொதிக்க வைத்து, மறுநாள் தண்ணீர் ஆறிய பிறகுதான் வெளியே எடுப்பார்கள்.

மதுக்கூடத்துச் சாப்பாட்டுக்கு வருவோம். இத்தாலியில் பார்மிஜானா என்பது கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியுமாக அடுக்கிச் சுடுவது. இங்கே அது தட்டையாக அடித்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழி நெஞ்சுக்கறி. மேலே தக்காளிக் குழம்பு, பன்றித் தொடைக்கறித் துண்டு, உருகிய சீஸ், பக்கத்தில் உருளைக்கிழங்குச் சிப்ஸ். விக்டோரியாவில் பார்மா, சிட்னிப் பக்கம் பார்மி. இதைப் பார்த்து முகம் சுளிக்கும் உணவு வல்லுநர்களை எனக்குப் பிடிப்பதில்லை. மெல்போர்னில் இத்தாலியக் கடைகளுக்குப் பேர்போன லைகன் தெருவின் உணவகங்களை விட இந்தத் தட்டுதான் இத்தாலியத் தாக்கத்துக்குச் சரியான சான்று, ஏனென்றால் இதைச் சாப்பிடுகிற யாரும் தாம் அயல்நாட்டு உணவைச் சாப்பிடுவதாக நினைப்பதில்லை. சிப்ஸுக்கு மேல் கோழியைக் கிடத்திச் சிப்ஸை நமுத்துப்போக வைக்கும் சமையற்காரர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. வீடுகளில் வாரநாள் இரவுக்குச் செய்யும், கொத்துக்கறிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி போலோனேசும் இப்படித்தான்: பிள்ளைகளுக்குத் தெரியாமல் கேரட்டையும் சுக்கினியையும் துருவி உள்ளே தள்ளிவிடும் அந்தக் குழம்பை, அதற்குப் பெயர் தந்த இத்தாலியின் போலோன்யா நகரத்தார் தங்களுடையது என்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

ஒப்புக்கொள்ளாததோடு நில்லாமல், இத்தாலி சட்டத்தின் துணையையே நாடிய விவகாரம் ஒன்றும் உண்டு. அது புரோசெக்கோ என்ற நுரைக்கும் திராட்சை மதுவின் பெயரைப் பற்றியது. விக்டோரியாவின் கிங் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் புகையிலை பயிரிட்டு வந்த இத்தாலியக் குடும்பங்கள் பின்னர் திராட்சைக்கு மாறின. அங்கே 1999இல் புரோசெக்கோ கொடி நடப்பட்டபோது, அது திராட்சை வகையின் பெயராகவே வழங்கியது. பத்தாண்டுகள் கழித்து, 2009இல், இத்தாலி அந்தத் திராட்சைக்கு கிளேரா என்று பெயரை மாற்றிவிட்டு, புரோசெக்கோ என்பதை ஒரு பிரதேசத்தின் பெயராகப் பதிவு செய்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிகப் பேச்சுவார்த்தையில் இந்தப் பெயர் பெரும் இழுபறியாகிவிட்டது. ஊர்ப்பெயரைக் காப்பது நியாயம்தான் என்றாலும், இந்த வழக்கில் நான் கிங் பள்ளத்தாக்கு விவசாயிகளின் பக்கம். அவர்கள் கொடியை நட்ட பிறகு பெயரின் பொருளை மாற்றிவிட்டு, நீங்கள் எங்கள் பெயரைத் திருடினீர்கள் என்று சொல்வது முறையல்ல.