அக்காடியர் கேட்டது நிலம் மட்டுமல்ல

நாடு கடத்தப்பட்டவர்கள் வேற்று மண்ணில் மீண்டும் வாழ்வை அமைத்துக்கொண்ட கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உழைப்பு, மன உறுதி என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அக்காடியர்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. உழைப்புக்கு அவர்களிடம் எங்கும் குறைவிருக்கவில்லை. ஆனாலும் ஓரிடத்தில் வேரூன்றினார்கள். இன்னோரிடத்தில் மூன்று ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதிக்குப் போய்க் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். உலகிலேயே மிக உயரமாக ஓதம், அதாவது கடல் ஏற்றம், எழும் ஃபண்டி வளைகுடாவின் ஓரத்தில், காட்டை வெட்டுவதை விட உப்புச் சதுப்பைக் கரை கட்டி வயலாக்குவதையே அவர்கள் பெரிதும் நம்பினார்கள். கரைக்கு அடியில் மரத்தாலான ஒரு மதகு. அதற்குள் கீலில் தொங்கும் ஒரு பலகை. கடல் வற்றும்போது வயலில் தேங்கிய மழைநீர் அந்தப் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஓதம் ஏறும்போது கடல்நீரே அதை அழுத்தி மூடிவிடும். திறந்து மூட ஆள் வேண்டியதில்லை. சில ஆண்டு மழையில் உப்பு கழுவப்பட்டதும் கோதுமை விளையும். ஆனால் கடலைத் தடுக்கும் கரையை ஒரு குடும்பம் தனியாகக் கட்டிவிட முடியாது. உறவும் அயலும் சேர்ந்து இறங்கினால்தான் ஒரு குடும்பத்துக்கே வயல் என்பது, அவர்கள் எங்கே போனாலும் கூடவே போன பாடம் என்று நினைக்கிறேன்.

1713ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அந்த மண் பிரிட்டனின் கைக்குப் போனது. போர் வந்தால் பிரான்சுக்கு எதிராக ஆயுதம் எடுக்க நேரும் என்று அஞ்சி, நிபந்தனையற்ற விசுவாச உறுதிமொழியைத் தர அக்காடியர்கள் மறுத்துவந்தார்கள். 1755 செப்டம்பர் 5 அன்று கிராண்ட்-ப்ரே ஊரில் ஆண்களையும் சிறுவர்களையுமாக 418 பேரைத் தேவாலயத்துக்குள் வரவழைத்து, நிலமும் கால்நடைகளும் அரசுடைமை, நீங்கள் நாடு கடத்தப்படுகிறீர்கள் என்று வாசித்துக்காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பத்தாயிரம் பேர் வரை அப்புறப்படுத்தப்பட்டார்கள். அமெரிக்கக் கடற்கரையில் மாசசூசெட்ஸ் முதல் ஜார்ஜியா வரை பிரிட்டனின் பல குடியேற்றங்களுக்கும் பிரித்துப் பிரித்து அனுப்பியதற்குக் காரணம், மீண்டும் ஒன்று சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான். 1759 நவம்பர் புயலில் கரைகள் உடைந்தபின், அந்த வயல்களுக்கு வந்த புதுக் குடியேறிகளுக்குக் கரை செப்பனிடத் தெரியவில்லை. சிறைப்பட்டிருந்த அக்காடியர்களைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. தங்கள் வயலின் கரையை அடுத்தவனுக்காக அவர்களே கட்டிக்கொடுத்தார்கள்.

மூதாதையரின் தேசமான பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தவர்களாவது நிலைத்திருக்க வேண்டும். மொழி ஒன்று, மதம் ஒன்று. ஆனால் துறைமுக நகரங்களில் அரசு தந்த சொற்பப் படிப்பணத்தில் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளினார்கள். 1773ஆம் ஆண்டு பொவாத்து பகுதியின் வறண்ட மண்ணில் குடியமர்த்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் 1776க்குள் நாந்து நகருக்குப் போய்விட்டார்கள்.

இன்றைய அமெரிக்காவின் தெற்கிலுள்ள, அப்போது பிரான்சிடமிருந்து ஸ்பெயினுக்குக் கைமாறியிருந்த லூசியானா அப்படியல்ல. 1765இல் ஜோசப் புரூசார் தலைமையில் சுமார் 200 பேர் நியூ ஆர்லியன்ஸ் வந்து, மேற்கிலிருந்த அட்டகாபா புல்வெளிக்குப் போனார்கள். ஓதத்தோடு வாழ்ந்தவர்கள் மாடு வளர்க்கத் தொடங்கினார்கள். புரூசார் அந்த ஆண்டே இறந்தார்; ஊர் நின்றது. ஸ்பானிய ஆளுநர் உயோவா பின்னால் வந்தவர்களை உறவினர்களிடமிருந்து வெகு தொலைவில், நாச்சேஸ் எல்லைக் காவலுக்குக் குடியமர்த்தினார். கொடுத்தது நிலம்தான், ஆனால் தனித்த நிலம். 1768இல் அவரை விரட்டிய கிளர்ச்சியில் அக்காடியர்களும் சேர்ந்துகொண்டதில் எனக்கு வியப்பில்லை. அடுத்து வந்த ஆளுநர் ஓரெய்லி அவர்களை இடம் மாற அனுமதித்தார். 1785இல் ஸ்பெயினின் செலவில் ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் பிரான்சைவிட்டு லூசியானாவுக்கே வந்தார்கள். அங்கே நிலம் ஆற்றை நோக்கிய குறுகிய முகப்போடும் பின்னால் நீண்டும் அளந்து தரப்பட்டதால், வீடுகள் கரையோரம் வரிசையாக நின்றன. கூப்பிடு தூரத்தில் அண்டை வீடு இருந்தது.

இதைப் புனிதக் கதையாக்கவும் எனக்கு மனமில்லை. அந்தப் புல்வெளிக்கு உரிய பழங்குடிகள் அங்கே இருந்தார்கள். சில அக்காடியர்கள் வெகு சீக்கிரமே அடிமைகளையும் வாங்கினார்கள். லூசியானா அக்காடியர்களின் வழிவந்தவர்களைக் கேஜன் என்பார்கள்; இன்று கேஜன் சமையல் என்று பெயர்பெற்ற கம்போ என்னும் குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. புது வாழ்வின் அடுப்பங்கரையில் யார் யார் நின்றார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

1764க்குப் பின் நோவா ஸ்கோஷியாவுக்கே திரும்ப அனுமதி பெற்றவர்களும் உண்டு. பழைய வயல்களில் வேறு ஆட்கள் இருந்ததால், 1768 முதல் செயின்ட் மேரி வளைகுடாவின் கல்லும் காடுமான கரையில் குடியேறி, மீன்பிடிக்கவும் மரம் அறுக்கவும் தொடங்கினார்கள். கிளேர் என்னும் அந்தப் பகுதியில் இன்றும் பிரெஞ்சு பேசப்படுகிறது. அங்கேயும் வீடுகள் கடலோரச் சாலை நெடுக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கின்றன.