இருபது சதவீதப் பிரபுக்களின் கவனத்துக்கு

எந்தப் பதிவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லவே வேண்டாம். வாரக் கடைசி முழுக்க அதில்தான் என்னை டேக் செய்துகொண்டிருந்தீர்கள். அமெரிக்காவிலிருந்து மாட்ரிட்டைச் சுற்றிப் பார்க்க வந்த அண்ணன் ஒருவர் பில்லையும் அதன்மேல் வைத்த நோட்டுகளையும் படம் எடுத்துப் போட்டு, "நம்மவர்கள் டிப்ஸ் கொடுக்காமல் மானத்தை வாங்குகிறார்கள், நான் இருபது சதவீதம் வைத்தேன்" என்று எழுதியிருந்தார். நான் போய்ச் சொன்னது ஒரே வரி: "ஸ்பெயினில் அது அவசியமில்லை அண்ணா, சில்லறை வைத்தாலே போதும்." அதற்குத்தான் இத்தனை ஆட்டம். "அக்கா ஐரோப்பா போயும் கஞ்சத்தனம் போகல" என்று ஒரு தம்பி எழுத, அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். பார்த்தேன். சரி, இருக்கட்டும்.

கமெண்டில் எழுதினால் சண்டையாகத் தெரிகிறது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஸ்பெயினில் டிப்ஸ் கடமை இல்லை. மெனுவில் போட்டிருக்கும் விலையில் பத்து சதவீத வரியும் அடக்கம். பரிமாறுகிறவருக்கு முதலாளி சம்பளம் கொடுக்கிறார். 2025-இல் இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1184 யூரோ, வருடத்துக்குப் பதினான்கு சம்பளம். அண்ணன் வாழும் நாட்டில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டரசு சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-இலிருந்து அந்தத் தொகை மாறவில்லை. அங்கே இருபது சதவீதம் வைக்காவிட்டால் அது ஒருவரின் சாப்பாட்டில் கை வைப்பது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊர்க் கணக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து இங்கே விரித்துவைத்து, அதைச் செய்யாதவர்களை மானம் கெட்டவர்கள் என்றால் எப்படி?

இந்த ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு மதியம் பாருங்கள். இரண்டு மணிக்கு எந்தத் தெருவிலும் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், மெனு தெல் தியா என்று, அதாவது அன்றைய மதியச் சாப்பாடு. 1960களில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி சுற்றுலாப் பயணிகளுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. இன்று அதைச் சாப்பிடுவது ஆபீஸ் ஆட்களும் கட்டட வேலைக்காரர்களும்தான். பதிமூன்று, பதினான்கு யூரோவுக்கு முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ காபியோ. சாப்பிட்டு முடித்து இருபது சென்ட், ஐம்பது சென்ட் வைப்பவர் உண்டு. வைக்காமல் "அஸ்தா மன்யானா" (நாளைக்குப் பார்ப்போம்) சொல்லிவிட்டுப் போகிறவர் அதைவிட அதிகம். மறுநாளும் அதே மேஜை, அதே வெயிட்டர், அதே அரட்டை. யாரும் யாரையும் கஞ்சன் என்று சொல்வதில்லை. இரவு நல்ல உணவகத்தில் நன்றாகக் கவனித்தால் ஐந்து சதவீதம், மிஞ்சிப்போனால் பத்து. அதுவும் மனம் இருந்தால்.

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன்? முதுகலை படித்த காலத்தில் மாட்ரிட்டின் லாவபியேஸ் பகுதியில் ஒரு பாரில் சனி, ஞாயிறு வேலை பார்த்தேன். முதலில் பாத்திரம் கழுவுவது. கொஞ்சம் ஸ்பானிஷ் வந்தபிறகு கவுன்டரில் நின்று காபி போடுவது. கவுன்டரில் ஒரு மணி தொங்கும். யாராவது காசு வைத்தால் அந்த மணியை அடித்து "போத்தே!" என்று கத்துவார்கள், காசு பொது டப்பாவில் விழும். வாரக் கடைசியில் எல்லோருக்கும் பங்கு, பாத்திரம் கழுவிய எனக்கும் சேர்த்து. அதனால் டிப்ஸ் என்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அந்த டப்பாவில் என் பங்கும் இருந்தது.

அங்கே ஸ்பெயினின் மேற்கே இருக்கும் எஸ்த்ரெமதூராவைச் சேர்ந்த ஒருவர் மூத்த வெயிட்டர். ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு கூட்டம் வந்தது. நம்மவர்கள்தான். சமையலறை மூடியிருந்தது, சமையல்காரர் அப்போதுதான் தன் தட்டோடு உட்கார்ந்திருந்தார். எட்டரைக்குத்தான் திறக்கும் என்றால் கேட்கவில்லை. உள்ளே வரும்போது ஒரு "ஓலா", அதாவது ஒரு வணக்கம், கிடையாது. விரலைச் சொடுக்கி "ஹலோ, ஹலோ" என்றார்கள். இருந்த ஆலிவையும் சீஸையும் கொடுத்துச் சமாளித்தோம். பில்லுக்காகக் காத்திருந்து, "பில்கூடக் கொண்டுவரத் தெரியாதா" என்று கோபப்பட்டார்கள். இங்கே நீங்கள் "லா குவென்தா" என்று கேட்காமல் பில் வராது. கேட்காமல் வைத்தால் எழுந்து போங்கள் என்று சொல்வதுபோல. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது இவர்களுக்குச் சாப்பாட்டிலேயே ஒரு பகுதி. கடைசியில் அவர்கள் பதினைந்து யூரோ வைத்துவிட்டுப் போனார்கள். பெரியவர் அதை எடுத்து டப்பாவில் போட்டார். மணியை மட்டும் அடிக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே வருவார்கள். "நீங்கள் கொடுக்காவிட்டால் போங்கள், கொடுப்பவரை ஏன் தடுக்கிறீர்கள்?" நான் எங்கே தடுத்தேன்? கையைப் பிடித்தேனா? தாராளமாக வையுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. வைத்ததைப் படம் எடுத்துப் போட்டு, வைக்காதவர்களை ஏசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"மாட்ரிட் வாடகையில் 1184 யூரோ ஒரு சம்பளமா?" நியாயமான கேள்வி. போதாதுதான். இருபது மணி நேரம் என்று காகிதத்தில் எழுதி முப்பது மணி நேரம் வேலை வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது முதலாளி, உங்கள் பர்ஸ் அல்ல. எல்லோரும் இருபது சதவீதம் வைக்க ஆரம்பித்தால் சம்பளம் ஏறுமா, நிற்குமா? அமெரிக்காவில் என்ன நடந்தது என்று அண்ணனுக்கே தெரியும். இப்போதே சுற்றுலாப் பகுதிகளில் சில கடைகளில் கார்டு மெஷினை நீட்டினால் டிப்ஸ் ஐந்து, பத்து, பதினைந்து சதவீதம் என்று திரையில் கேட்கிறது. கூச்சப்பட்டு அழுத்திவிட்டு வருகிறவர்கள் நம்மவர்கள். உள்ளூர்க்காரர் சைபரை அழுத்திவிட்டு "கிராசியாஸ்" என்று நிதானமாகச் சொல்வார். அந்தத் திரை இங்கே நிலைத்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி. இது கஞ்சத்தனம் என்றால் ஆமாம், கஞ்சத்தனம்தான்.

இன்னும் வேடிக்கை, இருபது சதவீதத்துக்குக் கைதட்டிய அதே கமெண்ட்களில் தண்ணீருக்குக் காசு, ரொட்டிக்குக் காசு, கொள்ளை என்று புலம்பலும் இருந்தது. 2022-இல் வந்த கழிவுச் சட்டப்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். "அகுவா தெல் கிரிஃபோ" என்று கேளுங்கள், கொண்டுவந்து வைப்பார்கள். கேட்காமல் பாட்டிலைத் திறந்துவிட்டு அப்புறம் திட்டுவானேன்? ரொட்டி வேண்டாமென்றால் வந்த உடனே திருப்பி அனுப்புங்கள். வெளியே தெர்ராசாவில், அதாவது திறந்தவெளி மேஜைகளில், உட்கார்ந்தால் உள்ளே கவுன்டரில் நிற்பதைவிட விலை கூடுதலாக இருக்கும் இடங்கள் உண்டு, மெனுவிலேயே போட்டிருக்கும். அண்ணன் உட்கார்ந்ததோ சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பிளாசா மயோர் சதுக்கத்தில். அதை நான் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை, நானும் ஊரிலிருந்து யாராவது வந்தால் அங்கே கூட்டிப் போகிறவள்தான்.

"சோம்பேறிகள், ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அடுப்பே மூட்டுகிறார்கள்" என்று ஒருவர். 1940-இல் பிராங்கோ கடிகாரத்தை ஜெர்மனி நேரத்துக்குத் திருப்பிவைத்ததிலிருந்து இந்த நாடு தன் சூரியனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூன் கடைசியில் மாட்ரிட்டில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகும். வெயில் அடிக்கும்போது யார் ராச்சாப்பாடு சாப்பிடுவார்கள்? ஒரு நாட்டின் நேரத்தையே மதிக்காமல் நோட்டை வைத்து மரியாதை காட்டுகிறோம் என்கிறோம்.

சைவக்காரர்களின் கோபம் தனி. அதில் பாதி எனக்கும் உண்டு. இறைச்சி வேண்டாம் என்று சொல்லியும் சால்மோரெஹோ என்ற குளிர்ந்த தக்காளி சூப் மேலே ஹமோனை, அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியை, தூவித் தருவார்கள், சாலட்டில் சூரை மீன் இருக்கும். அது அவர்கள் கணக்கில் இறைச்சியே இல்லை! இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் அதற்கு வெயிட்டரிடம் கத்துவது வேறு, "ஹமோன் வேண்டாம், சூரை வேண்டாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்வது வேறு.

மறுபடி மறுபடி அதையேதான் சொல்கிறேன், தெரிகிறது. உள்ளே நுழையும்போது "புவெனாஸ்" என்று வணக்கம் சொல்லுங்கள். விரலைச் சொடுக்காதீர்கள், கண்ணைப் பார்த்துக் கை காட்டுங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். போகும்போது நன்றி சொல்லுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு பைசா வைக்காமல் போனாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இதைச் சொன்னதற்குக் கஞ்சக்காரி. இதே கஞ்சக்காரி வீட்டில்தான் வத்தக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிச் சாப்பிட்டீர்கள், அன்றைக்கு யார் எத்தனை சதவீதம் வைத்தீர்கள் என்று நான் படம் போடவில்லை.

அந்தச் சிரிப்பு எமோஜிக்காரர்களில் ஒருவர் மாட்ரிட் வரப்போவதாகவும், எங்கே சாப்பிடலாம் என்றும் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். எமோஜி போடுவதற்கு முதல் நாள் கேட்டது. பதில் போடுவேன். நல்ல கடை எது என்றும், மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள் என்றும் சொல்வேன். டிப்ஸ் எவ்வளவு வைப்பது என்பதை மட்டும் அண்ணனிடமே கேட்டுக்கொள்ளட்டும்.