வேலையை விடப்போகிறீர்களா? முதலில் எந்தக் கார்டு?

சிங்கப்பூரில் சொந்தத் தொழிலில் இறங்கப்போகிற பலர் முதல் வேலையாக கம்பெனி கிரெடிட் கார்டுக்கு அலைகிறார்கள். இது தலைகீழ் வரிசை என்பது என் உறுதியான கருத்து. மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே சொந்தப் பெயரில் ஒரு கார்டு எடுத்துவிடுங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்கு அப்புறம்.

55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு கார்டு கிடைக்க ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி இருக்க வேண்டும். வெளிநாட்டவரிடம் வங்கிகள் இன்னும் கூடுதலாகக் கேட்கும். சம்பளக்காரருக்கு விண்ணப்பம் சுலபம்: சிங்பாஸில் (அரசின் மின்னடையாளச் செயலி) நுழைந்து சம்மதம் கொடுத்தால் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) விவரம் நேரே வங்கிக்குப் போய்விடும். சுயதொழில் என்றதும் வருமான வரித்துறையான ஐராஸ் அனுப்பும் வரி மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பல வங்கிகள் இரண்டு ஆண்டுக்கானதைக் கேட்கின்றன.

அடி விழுவது இங்கேதான். 2026 ஜனவரியில் ஒருவர் தனியுரிமையாக, அதாவது தாம் ஒருவரே முதலாளியாக, கேட்டரிங் தொடங்குகிறார் என்று வையுங்கள். மாதம் 9,000 வெள்ளி விற்பனை, ஆண்டுக்கு 108,000. வாடகை, மளிகை, கூலி, வேன் செலவு எல்லாம் கழித்து 27,000 நிற்கிறது. அறிக்கையில் தொழில் வருமானமாக ஏறுவது அந்த 27,000தான். அந்த அறிக்கையும் 2027 ஏப்ரல் 18க்குள் வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் கைக்கு வரும். இரண்டாவது அறிக்கைக்கு 2028 வரை காத்திருக்க வேண்டும். செலவுகளை முறையாகக் கழித்து வரியைக் குறைப்பது சரியான காரியமே. ஆனால் அதே எண் கார்டு விண்ணப்பத்தை 30,000க்குக் கீழே தள்ளிவிடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: வேலையை விட்டபின் பழைய சம்பளச் சீட்டைக் காட்டி விண்ணப்பிக்காதீர்கள். அது பொய்த் தகவல்.

முன்கூட்டியே எடுக்கச் சொன்னேன் என்று ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் போடவும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் நம் கடன் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் பியூரோவில் ஒரு விசாரணையாகப் பதிவாகும், நிராகரிக்கப்பட்டாலும் அந்தப் பதிவு நிற்கும். அடுக்கடுக்காக விசாரணை வந்தால் பியூரோ தரும் 1000 முதல் 2000 வரையிலான கடன் மதிப்பெண் இறங்கும். ஒன்று கிடைத்தபின் சில மாதம் விட்டு அடுத்தது. வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கடன் கைக்கு வந்தபின் கார்டு பக்கம் வாருங்கள். வரவேற்புப் பரிசுக்காக எடுப்பவர்கள், அதே வங்கியின் கார்டைக் கடந்த 12 மாதத்தில் வைத்திருந்தீர்களா என்ற நிபந்தனையைப் பாருங்கள்.

எடுத்த கார்டைத் தொழிலுக்கு முதலாக்காதீர்கள். நிலுவை வைத்தால் வட்டி ஆண்டுக்கு 26 சதவீதத்துக்கும் மேல். கேட்டரிங்கில் அந்த லாபம் எங்கே கிடைக்கும்? வட்டி ஏறும் அடமானமில்லாக் கடன் எல்லா வங்கியிலும் சேர்ந்து மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டி மூன்று மாதம் நீடித்தால், அடமானமில்லாப் புதுக் கடனுக்கே வழியில்லை.

ஏற்கெனவே தொழிலில் இறங்கி, அறிக்கையில் வருமானம் குறைவாக இருப்பவர்கள் வைப்புத்தொகையை ஈடுவைத்து கார்டு கேட்கலாம். வழக்கமாக 10,000 வெள்ளி முடங்கும்.

கம்பெனி கார்டு, கம்பெனிக் கணக்கில் வரவு செலவு ஓரளவு ஓடிய பிறகு. பிரைவேட் லிமிடெட் என்பதால் கடன் நம்மைத் தொடாது என்று நம்பிவிடாதீர்கள். விண்ணப்பத்தில் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதம் (கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுவேன் என்ற உறுதி) இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். இரண்டு பங்காளிகள் என்றால், இருவரும் கையெழுத்திடுகிறார்களா, ஒருவர் விலகினால் அந்த உத்தரவாதம் எப்படி ரத்தாகும் என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்கிய பிறகே பேனாவை எடுங்கள்.