ஆடும் மரத்துக்கு முந்தைய கதை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில் மர வேடமிட்டு ஒருவர் ஆடுவார். அந்த ஆடும் மரம்தான் பல்கலைக்கழக அணிகளின் அதிகாரபூர்வச் சின்னம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சரியல்ல. 1975-இல் மாணவர் இசைக்குழு கொண்டுவந்த வேடம் அது. இன்றும் இசைக்குழுவுக்குத்தான் சொந்தம். அணிகளின் பெயர் 'கார்டினல்'. அந்தப் பெயருள்ள பறவை அல்ல, அடர்சிவப்பு நிறம். அதனால்தான் பன்மை விகுதியே கிடையாது.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன இடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1930 முதல் 1972 வரை அந்த அணிகளின் சின்னம் 'இந்தியன்'. அமெரிக்கப் பூர்வகுடி மனிதரைப் பெரிய மூக்கோடு கேலிச்சித்திரமாக வரைந்து வைத்திருந்தார்கள். அதே வளாகத்தில் படித்த பூர்வகுடி மாணவர்கள் இதைப் பார்த்துக்கொண்டேதான் வகுப்புக்குப் போயிருப்பார்கள். பூர்வகுடி மாணவர்களும் ஊழியர்களுமாக 55 பேர் சேர்ந்து மனுக் கொடுத்த பிறகுதான் அந்தச் சின்னம் போனது. ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் வெறும் 55 பேர்! பழையதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்ன குரல்களுக்கு நிர்வாகம் பிறகு இடம் கொடுக்கவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மரமும் சும்மா வந்ததல்ல. பல்கலைக்கழக முத்திரையில் இருக்கும் 'எல் பாலோ ஆல்டோ' என்ற ரெட்வுட் மரம்தான் அதற்கு மூலம். ஆயிரம் வயதைத் தாண்டிய அந்த மரம் இன்னும் உயிரோடு நிற்கிறது.