ஜிம்மி இன்னும் சாப்பிடலையாம்

(புரசைவாக்கம். ஒரு அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங். மத்தியான வெயில்ல ஜிம்மி நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்கு.)

பாபு: செல்விக்கா, கொஞ்சம் கீழ வாங்களேன், ஜிம்மி வயிறு உப்பிப்போயி கெடக்கு, கூப்ட்டா வால மட்டும் ஆட்டுது.

செல்வி: என்னடா குடுத்த?

பாபு: ஒண்ணுமே குடுக்கலக்கா. ரெண்டு பீஸ் சிக்கன், கொஞ்சம் பிரியாணி சோறு, தயிர் பச்சடி மிச்சமிருந்துச்சு, அதையும் போட்டு பிசைஞ்சு...

செல்வி: இதான் ஒண்ணுமில்லையா! பச்சடில வெங்காயம் இருக்குமேடா. நாய்க்கு வெங்காயம், பூண்டு ஆகவே ஆகாது, ரத்தத்துல செவப்பணுவ உடைச்சிடும், அதுவும் உடனே தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் ஈறு வெளுத்து சோர்ந்து படுக்கும்.

பாபு: மூஞ்சிய அப்படி வச்சிருந்துச்சுக்கா, காலைலேர்ந்து பட்டினின்னு.

செல்வி: பட்டினியா? நான் ரெண்டு இட்லி போட்டேன், வாட்ச்மேன் வடை போட்டிருக்காரு. வீடு வீடா போய் அதே மூஞ்சியோட நின்னுருக்கு, ஓட்டு கேக்க வர்றவங்க தோத்தாங்க போ. எலும்பு போட்டியா?

பாபு: இல்லக்கா, அதெல்லாம் நானே கடிச்சு மென்னுட்டேன்.

செல்வி: நல்லவேளை. வெந்த எலும்பு சிலும்பு சிலும்பா உடைஞ்சு குடல்ல குத்தும்.

பாபு: உப்புத்தண்ணி கரைச்சு ஊத்தவா, வாந்தி எடுத்துடும்ல?

செல்வி: ஐயோ வேணாம், உப்பு ஏறி அதுவே விஷமாயிடும், அதெல்லாம் டாக்டர் வேலை. சரி, வாந்தி வர்ற மாதிரி ஓங்கரிச்சு ஒண்ணும் வராம கஷ்டப்படுதா? அப்படின்னா இரைப்பை முறுக்கியிருக்கும், ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது.

பாபு: இல்லக்கா, ஏப்பம்தான் விடுது, பட்டை கிராம்பு வாசனையோட.

செல்வி: அப்ப ராத்திரி சோறு கட். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வை. நாளைக்கு உப்பில்லாம கொழைஞ்ச சாதம், வேகவச்ச சிக்கன், அவ்ளோதான்.

பாபு: அப்ப பாயாசம் ஒண்ணும் பண்ணாதுல்ல?

செல்வி: எந்தப் பாயாசம்?

பாபு: மூணாவது மாடி மாமி ஒரு கிண்ணம் குடுத்தாங்க, ஒரு மணி நேரம் இருக்கும். முந்திரிய நான் பொறுக்கிட்டு திராட்சைய அதுக்கு...

செல்வி: அடப்பாவி, இத மொதல்ல சொல்றதில்ல? காஞ்ச திராட்சை சில நாய்க்கு கிட்னியவே காலி பண்ணிடும்டா, இவ்ளோ தின்னா பரவால்லன்னு கணக்கே கெடையாது! ஓடு, ஆட்டோ புடி, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு போயிடலாம், 1903லேர்ந்து இருக்குற காலேஜ், உன்ன மாதிரி எத்தன பேர பாத்திருப்பாங்க. அங்க வந்து ஒண்ணுமே குடுக்கலன்னு ஆரம்பிக்காத, என்னென்ன, எத்தன மணிக்குன்னு ஒண்ணு விடாம சொல்லு.

பாபு: முந்திரி மேட்டரையுமா?

செல்வி: போடா!

பாபு: (கேட்லேர்ந்து) அக்கா, ஆட்டோ வந்துடுச்சு! ஆனா ஜிம்மி எழுந்து போய் டிரைவர் அண்ணங்கிட்டயும் அந்த மூஞ்சிய காட்டிடுச்சு, அவரு பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிறாரு!

செல்வி: அவர் கையப் புடிடா!